தட்டு நீட்டாத வீடு

அத்தியாயம் 9

உலகத்து மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். சோறு விளம்புகிறவர்கள் ஒரு வகை. சோற்றுக்குத் தட்டு நீட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நெடும்பத்து பூதலிங்கத்தின் குடும்பம், சூரியனும் சந்திரனும் உண்டான நாள் தொட்டு, முதல் வகை.

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பூதலிங்கமே சொல்லியிருக்கிறார்.

"ஏழு தலைமுறை. விளம்பின கை இது. நீட்டின கை இல்ல" என்று அவர் வலது கையைத் தூக்கிக் காட்டும்போது, அந்தக் கையில் ஒரு கரண்டி இல்லாததுதான் குறையாகத் தெரியும். நாஞ்சில் நாட்டில் வயல் உள்ளவர்கள் நிறையப் பேர். ஆனால் சுற்று வட்டாரத்தில் ஒரு கல்யாணம் என்றால் பந்தி விசாரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இலைக்கு இலை நடந்து, அந்த மாமாவுக்கு எரிசேரி, இந்தப் பிள்ளைக்கு ஒரு பப்படம் என்று கண்ணாலேயே ஏவுவார். பந்தி நடக்கிறபோது போன் எடுக்கிறவனை அவர் மனிதனாக மதித்ததில்லை.

கடைசிப் பந்தியில் யாராவது தனியாக மாட்டிக்கொண்டு, கூச்சத்தில் பாதியில் எழப் பார்த்தால், அவர் தனக்கும் ஒரு இலை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். துணை இலை என்று அதற்குப் பெயர். ஒரே முகூர்த்தத்தில் மூன்று பேருக்குத் துணை இலை போட்டு, மூன்று முறையும் பிரதமன் பாயசம் வரை போய், மறுநாள் டாக்டரிடமும் போன வரலாறு அவருக்கு உண்டு. அவர் விசாரித்த பந்தியில் அரை வயிற்றோடு எழுந்தவன் கிடையாது. இது மாவட்டத்துக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவர் தெரிவித்துவிடுவார்.

ஆகவே, மருமகள் சிவப்ரியா போன ஜூனில் பேத்தி அஞ்சுவை வேன் வந்து ஏற்றிப் போகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, உள்ளூர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, அவர் மருமகளிடம் பேச்சை நிறுத்தினார். அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடியும் பேச ஆரம்பித்தார். பேசாமல் எப்படித் திட்டுவது?

அதன் பிறகு சிவப்ரியா பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியானாள். மாமனார் வீடு வீடாக ஏறி இறங்கினார். "இல்லாதவனுக்குப் போடட்டும், வேண்டாம்னு சொல்லல்ல. இருக்கிறவன் பிள்ளை எதுக்குவே தட்டு நீட்டணும்? நல்ல குடும்பத்துப் பிள்ளை தட்டு நீட்டாது" என்று ஒவ்வொரு முற்றத்திலும் நின்று சொன்னார். பலசரக்குக் கடை கிருஷ்ணமணி தலையாட்டினார். அவர் கடையில் பற்று வைத்திருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

அவ்வளவு பேரும் போன வாரம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றதும், தலைமை ஆசிரியை குளோரி டீச்சர், "கூட்டம் போட்டு முடிவு செய்யிறது வரைக்கும்" என்று சொல்லி இறங்கி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு வரிசை. வீட்டிலிருந்து டிபன் கொண்டு வருகிற பிள்ளைகள் வராந்தாவில். பள்ளிக்கூடச் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைகள் ஹாலில்.

இன்று புதன்கிழமை. கூட்டம் இன்றைக்குத்தான்.

*

காலையில் பூதலிங்கம் புறவாசலுக்குப் போனபோது சிவப்ரியா வாழை மூட்டில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம், நீங்க சொல்லாண்டாம். நான் நேரம் பாத்துச் சொல்லிக்கிடுகேன்."

அவரைக் கண்டதும் போன் அணைந்தது.

"ஆரு, ராஜகுமாரா?" என்று மகனைப் பற்றிக் கேட்டார்.

"ஆமா மாமா."

"மஸ்கட்டுல இன்னும் விடிஞ்சிருக்காதே. இந்நேரத்துல என்ன பேச்சு?"

"விடியாட்டா பேசக் கூடாதா? கூப்பிடணும்னு தோணிச்சு, கூப்பிட்டாவ."

சிவப்ரியா கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரி. அவள் பேச்சில் ஒரு ராகம் உண்டு. சண்டை போடும்போதுகூட பாட்டு மாதிரி இருக்கும். அதனாலேயே அவளிடம் சண்டையில் ஜெயிக்க முடிவதில்லை என்பது அவர் எண்ணம்.

அடுக்களையில் அஞ்சுவின் டிபன் டப்பா கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது.

"இன்னும் டிபன் கட்டல்லியா?"

"இன்னைக்கு டிபன் கிடையாது."

"பின்ன பிள்ளை என்னத்தத் திங்கும்?"

"பொங்கலும் சாம்பாரும். பள்ளிக்கூடத்துல. புதன்கிழமை பொங்கல்லா?"

"நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன் மக்ளே."

"தெரியுது மாமா. ரெண்டு தெருவுக்குக் கேக்கு."

அவர் மனைவி அழகியநாயகி இருந்தால் இந்த இடத்தில் யாரையாவது ஒருவரை அதட்டியிருப்பாள். அவள், மகளின் பிரசவத்துக்காகத் தக்கலைக்குப் போயிருந்தாள். பஸ் ஏறும்போது, "நான் வாறது வரைக்கும் அந்த வாயைக் கொஞ்சம் மூடி வச்சிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு நிராகரித்திருந்தார்.

பூதலிங்கம் தானே டப்பாவை நிமிர்த்தி, இட்லிகளை அடுக்கி, மிளகாய்ப் பொடியில் எண்ணெய் குழைத்து மேலே தடவினார். அஞ்சு ரிப்பனைக் கட்டிக்கொண்டே வந்து டப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம் பாட்டா."

"ஏன்?"

"டிபன் கொண்டு போனா வராந்தாவுல இருக்கணும். வராந்தாவுல இருந்தா ரேஷ்மி என்கூடப் பேச மாட்டேங்கா."

"ஏன் பேச மாட்டாளாம்?"

"நான் இருக்கிறவங்க வரிசையாம். அவ இல்லாதவங்க வரிசையாம். எல்லாப் பிள்ளைகளும் அப்பிடித்தான் சொல்லுகு."

"உள்ளதைத்தானே சொல்லுகு. அதுல என்ன தப்பு?"

அஞ்சு அம்மாவைப் பார்த்தாள். சிவப்ரியா மாமனாரைப் பார்த்தாள். அவர் டப்பாவை மூடி அஞ்சுவின் பைக்குள் திணித்த சத்தம் பலமாகக் கேட்டது.

"இன்னைக்குக் கூட்டத்துல நான் இந்த வரிசையை உடைக்கத்தான் மாமா போறேன்" என்றாள் சிவப்ரியா. "முன்னாலேயே சொல்லிட்டேன். பின்னால, மருமவ முதுகுல குத்திட்டான்னு ஊர்ல சொல்லாண்டாம்."

"நெஞ்சுல குத்துக மாதிரியா?"

"ஆமா. நேரா நின்னு."

*

வேலைக்குப் போகிற அம்மாமார் வர வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை எட்டு மணிக்கே வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு அறையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் முட்ட பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துச் சமையல் கூடத்திலிருந்து மிளகும் நெய்யும் சேர்ந்த மணம் வந்துகொண்டிருந்தது. பூதலிங்கம் அதை முகரவில்லை. மூக்குக்குள் தானாக வந்தால் அது முகர்ந்ததாகாது.

அங்கே சமைக்கிறவள் மகளிர் குழு முத்துக்கனி, ரேஷ்மியின் அம்மா. கணவன் இல்லை. விடியுமுன் வந்து பள்ளிக்கூட அடுப்பைப் பற்ற வைக்கிறவள் வீட்டு அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. மகளுக்கும் இங்கேதானே காலைச் சாப்பாடு. முத்துக்கனியின் வாய் மட்டும் எந்த அடுப்பும் இல்லாமலே கொதிக்கும்.

குளோரி டீச்சர் கையைப் பிசைந்தபடி ஆரம்பித்தார். "ரெண்டு வரிசை ஆனதுக்குப் பொறவு ஹால்ல சாப்பிடுற பிள்ளைங்க குறைஞ்சுட்டே வருது. நேத்தைக்குப் பாதிக் கிச்சடி மிச்சம்."

"அதுதானே டீச்சர் வேணும்?" என்றார் பூதலிங்கம். "தேவை இல்லாதவன் ஒதுங்கிட்டான். அரசாங்கத்துக்கு லாபம். எனக்கு ஒரு சால்வைகூட வேண்டாம்."

கிருஷ்ணமணி தலையாட்டினார்.

சிவப்ரியா எழுந்து நின்றாள். கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா. அதைக் குலுக்கினாள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

"இது நேத்து வராந்தா வரிசையில இருந்த ஒரு பிள்ளையோட டப்பா. ஆருதுன்னு சொல்ல மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு மட்டும் பாருங்க."

மூடியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். புளியங்கொட்டைகள் உருண்டு ஓடின. ஒன்று பூதலிங்கத்தின் காலடியில் வந்து நின்றது.

"ஹால்ல போய் இருந்தா இல்லாதவங்க வரிசை. அதனால அந்தப் பிள்ளை வீட்டுலேருந்து வெறும் டப்பாவை எடுத்துட்டு வருது. வெறும் டப்பான்னு தெரிஞ்சிரக் கூடாதுன்னு புளியங்கொட்டை போட்டுக்கிட்டு வருது. எல்லாரும் திங்கும்போது, மூடியைப் பாதி திறந்து வச்சுக்கிட்டுக் குனிஞ்சு இருக்கு. தேவை இல்லாதவன் ஒதுங்கல்ல மாமா. தேவை உள்ளவன்தான் ஒளிஞ்சுக்கிட்டான்."

ஒரு தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது பிள்ளைகளுக்க விளையாட்டு" என்றார் கிருஷ்ணமணி.

"அண்ணாச்சி, நீங்க அய்யா கோயில் தாங்கல்ல எல்லாருக்கும் உம்பான் சோறு விளம்புவீங்கல்லா?" என்று சிவப்ரியா அவர் பக்கம் திரும்பினாள். "ஆரு வீட்டுல அடுப்பு எரியுது, ஆரு வீட்டுல எரியல்லன்னு கேட்டுட்டா விளம்புவீங்க? இருக்கிறவனை அங்கண இரு, இல்லாதவனை இங்கண இருன்னு பிரிச்சு உட்கார வைப்பீங்களா?"

"அது... அது அய்யாவுக்க காரியம். அது வேற."

"பசி அய்யாவுக்கா வருது, பிள்ளைக்கா வருது?"

கிருஷ்ணமணியின் தலை, பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக, ஆடாமல் நின்றது.

"பொதுவுல எல்லாருக்கும் சேத்து வச்ச சோறு இது" என்றாள் சிவப்ரியா. "இதை இல்லாதவனுக்கு மட்டும்னு ஆக்கினா, இல்லாதவனே தொட மாட்டான். அவனுக்கும் மானம் உண்டு. அது உங்களுக்கு மட்டும் உள்ள சொத்தா மாமா?"

பூதலிங்கம் எழுந்தார். ஒன்றாம் வகுப்பு பெஞ்சிலிருந்து எழுவது அவ்வளவு எளிதல்ல. முதலில் பெஞ்சும் கூட எழுந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"வரிசை ரெண்டானா பிள்ளை சாப்பிடாதா? நான் ஒரே நேரத்துல நாலு வரிசை விசாரிச்சவன். பிள்ளை சாப்பிடல்லன்னா அது வரிசைக்கக் குறை இல்ல. விசாரிக்க ஆளில்லாத குறை." தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கினார். "இன்னைக்கு நான் விசாரிக்கேன். ரெண்டு வரிசையும் அப்பிடியே இருக்கட்டும். ஹால்ல ஒரு பிள்ளை, ஒத்தைப் பிள்ளை, சாப்பிடாம எழும்பினா, வரிசையை நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்றாள் சிவப்ரியா. "கடைசியாச் சொன்னதையும் சேத்துக் கேட்டுக்கிடுங்க."

சமையல் கூடத்திலிருந்து முத்துக்கனியின் குரல் வந்தது. "அண்ணாச்சி விசாரிச்சா பொங்கல் தானா வாய்க்குள்ள ஏறிப் போயிருமோ?"

*

பிள்ளைகளுக்கு விளம்புவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. தினமும் டீச்சரோ சிவப்ரியாவோ பார்ப்பார்கள்.

"இன்னைக்கு மாமா பாக்கட்டும்" என்றாள் சிவப்ரியா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ருசி பார்ப்பது சாப்பிடுவதில் சேராது என்று பூதலிங்கம் முதலில் எல்லோருக்கும் விளக்கினார். அது உத்தியோகம். தட்டை மறுத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். முத்துக்கனி ஒரு துளி பொங்கலும் அதன் மேல் சாம்பாரும் விட்டாள். அவர் கண்ணை மூடி நக்கினார்.

அவருடைய நாக்கு கொள்ளாம், நல்லா இருக்கு என்றது.

அவருடைய வாய், "உப்பு ஒரு கல்லு குறைவு" என்றது.

"உப்பைப் பிள்ளைகளுக்குன்னு அளந்து போட்டது அண்ணாச்சி. இது கல்யாண வீடு இல்ல."

"எங்க சோறு விளம்பினாலும் அது கல்யாண வீடுதான்" என்றார் பூதலிங்கம். இதைச் சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது.

மணி அடித்தது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். டப்பா உள்ளவர்கள் வராந்தாவுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் நடந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. பூதலிங்கம் ஐம்பது வருஷமாகப் பந்திக்கு ஜனம் வருவதைப் பார்த்தவர். பந்திக்கு இப்படி யாரும் வந்து அவர் பார்த்ததில்லை. துக்க வீட்டுப் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக்கூட இதைவிடச் சந்தோஷமாக வருவார்கள்.

இருந்தாலும் அவர் விசாரித்தார். உண்மையாகவே நன்றாக விசாரித்தார். "அந்த மக்ளுக்கு இன்னொரு கரண்டி. லேய், காரட்டை ஒதுக்காத, அது என்ன பாவம் செஞ்சிச்சு? அந்தச் சின்னவனுக்குக் குழைச்சு விளம்பு." அவர் போன பக்கமெல்லாம் தட்டுகள் காலியாயின. வாசலில் நின்று பார்த்த குளோரி டீச்சருக்கே வியப்பு. கிருஷ்ணமணி மறுபடியும் தலையாட்டத் தொடங்கினார்.

வரிசையின் கடைசிக்கு வந்தார்.

சுவரோரம், மற்ற பிள்ளைகளை விட்டு ஒரு முழம் தள்ளி, ரேஷ்மி உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவளுடைய தட்டு கவிழ்ந்து கிடந்தது.

"மக்ளே, தட்டை நிமித்து."

"பசிக்கல்ல பாட்டா."

"வீட்டுல என்ன தின்ன?"

"தின்னேன்."

"என்னத்தத் தின்ன?"

"தின்னேன்."

பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார். பொங்கல் பாத்திரத்தோடு முத்துக்கனி நின்றிருந்தாள். எப்போதும் ஏதாவது ஒன்று சொல்லுகிறவள் ஒன்றும் சொல்லவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து இப்பிடித்தான்" என்றாள் கடைசியில். "நான் ஊருப் பிள்ளைகளுக்கு விளம்புகேன். இவ தட்டைக் கவுத்து வச்சுக்கிட்டு இருக்கா."

பூதலிங்கம் குனிந்தார். தன் வித்தை எல்லாவற்றையும் எடுத்தார். சாம்பாரில் கிடக்கிற முருங்கைக்காயைத் தேடி எடுத்துத் தரச் சொன்னார். பொங்கலுக்கு நடுவில் குழி பறித்து நெய் விட்டால் குளம் மாதிரி இருக்கும் என்றார். முந்திரிப் பருப்பு ஒன்றே ஒன்று இருக்கிறது, அது யாருக்குக் கிடைக்கிறதோ அவள்தான் ராணி என்றார். பொங்கலில் முந்திரிப் பருப்பே கிடையாது. பந்தி விசாரிப்பில் அவர் சொன்ன முதல் பொய் அது.

ரேஷ்மி எழுந்து போகப் பார்த்தாள்.

"மக்ளே, இரு, இரு. ஏன் சாப்பிடல்ல? பாட்டாகிட்ட சொல்லு. ஆராவது ஏதாவது சொன்னாவளா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, தாடை முன்னால் வந்திருந்தது.

"நான் தட்டு நீட்ட மாட்டேன் பாட்டா."

"ஆரு மக்ளே அப்பிடிச் சொல்லித் தந்தது?"

"நீங்கதான். எங்க வீட்டு முற்றத்துல நின்னு சொன்னீங்கல்லா? நல்ல குடும்பத்துப் பிள்ளை தட்டு நீட்டாதுன்னு." அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "நாங்களும் நல்ல குடும்பம்தான்."

பூதலிங்கம் நிமிர முயன்றார். முடியவில்லை. முழங்கால் காரணமாக இருக்கலாம்.

அந்தக் கழுத்துச் சாய்வை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறதுதான். ஏழு தலைமுறையாகச் சேர்த்து வைத்த வீம்பு, எட்டு வயதில், எண்ணெய் வைத்துப் பின்னின சடையோடு, வெறும் வயிற்றில் எதிரே உட்கார்ந்திருந்தது. இந்தப் பிள்ளையைப் போல அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டவர் ஊரில் இன்னொருவர் இல்லை. அவர் பெற்ற மகன்கூட அப்படிக் கேட்டதில்லை.

வராந்தாப் பக்கமிருந்து அஞ்சு வந்தாள். டீச்சரிடம் கேட்கவில்லை, பாட்டாவிடமும் கேட்கவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ரேஷ்மியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நானும் இங்கணதான் சாப்பிடப் போறேன்."

ரேஷ்மி தள்ளி உட்கார்ந்தாள். "உனக்கு இட்லி இருக்கு. நீ விளையாட்டுக்கு உட்காருகே."

அஞ்சு பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். "அப்ப நீ இட்லி எடு."

"அதுவும் தட்டு நீட்டினது மாதிரிதான்."

ஹாலில் பிள்ளைகள் பொங்கல் கையோடு இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சிவப்ரியா நின்றிருந்தாள். ஜெயித்தவள் முகம் இல்லை அது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பிள்ளை எழுந்து வெளியே போவதுதான். போனால் வரிசை உடையும். ஆனால் அவளும் வாசலை விட்டு விலகாமல், போகாதே என்பது போல நின்றிருந்தாள்.

பூதலிங்கம் இடுப்புத் துண்டை அவிழ்த்தார். ஓரத்தில் அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைக் கையால் எடுத்து மடக்கி வைத்து, ரேஷ்மியின் மறுபக்கத்தில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, முட்டு வலியா?" என்றாள் முத்துக்கனி.

"வலிதான். முதல்ல விளம்பு."

"ஆருக்கு?"

"முன்னால தட்டு இருக்குல்லா?"

முத்துக்கனிக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது. "இது இல்லாதவங்க வரிசைல்லா அண்ணாச்சி. உங்க வீட்டுல இல்லியா?"

"எனக்குப் பசிக்கு. பசிக்குன்னு சொன்னா விளம்பணும். வீட்டுக் கதை கேட்டுக்கிட்டா ஒருத்தி பந்தி நடத்துவா?"

சொல்லிவிட்டு, நெடும்பத்து பூதலிங்கம் வலது கையால் தட்டை எடுத்து நீட்டினார்.

முத்துக்கனி விளம்பினாள். கரண்டி நிறைய, கொஞ்சம் கூடுதலாகவே விளம்பினாள். பக்கத்தில் நீண்டிருந்த அஞ்சுவின் தட்டிலும் விளம்பினாள். பூதலிங்கம் யாரையும் பார்க்காமல் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டார். கல்யாண வீட்டில் சாப்பிடுகிற அதே வேகம். வராந்தாவிலிருந்து கிருஷ்ணமணியின் பேரன் ஆதர்ஷ் எட்டிப் பார்த்து, "லேய், பாட்டா சாப்பிடுகாரு லேய்!" என்று கூவினான். டப்பாக்களோடு ஒரு கூட்டம் ஹாலுக்குள் பாய்ந்தது. யாரும் தடுக்கவில்லை. ஆளில்லாத வராந்தாவைக் கிருஷ்ணமணி மட்டும் கொஞ்ச நேரம் காவல் காத்தார்.

பூதலிங்கம் அதையும் பார்க்கவில்லை. அவருடைய காது மட்டும் இடது பக்கம் இருந்தது.

சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு திரும்புகிற சத்தம் கேட்டது.

"அம்மா" என்றாள் ரேஷ்மி. "கொஞ்சமாப் போதும்."

"கொஞ்சம் என்ன கொஞ்சம்?" என்றார் பூதலிங்கம் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா விளம்பு அந்தப் பிள்ளைக்கு."

அப்போது அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அஞ்சு எட்டிப் பார்த்து, அதை வெளியே எடுத்து, கண்ணை அகல விரித்தாள்.

"பாட்டா, அப்பாவுக்க ஊர் நம்பர்!"

ராஜகுமாருக்கு இரண்டு நம்பர். ஒன்று மஸ்கட் நம்பர். இன்னொன்று அவன் லீவுக்கு ஊருக்கு வந்து இறங்குகிற அன்றைக்கு மட்டும் உயிர் பெறுகிறது. லீவுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

பூதலிங்கம் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். சிவப்ரியாவின் கண்கள் அந்தப் போனில் நிலைத்திருந்தன. காலையில் வாழை மூட்டில் கேட்ட பேச்சு அவர் காதில் மறுபடியும் ஓடியது.

"எடுக்கட்டுமா பாட்டா?"

"பந்தி நடக்கும்போது போன் எடுக்கக் கூடாது" என்றார் பூதலிங்கம்.

போன் அடங்கியது. மறுபடியும் அதிர்ந்தது. முத்துக்கனி சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள்.

பூதலிங்கம் தட்டை இரண்டாவது முறையும் நீட்டினார்.